ஐம்பதக்கா பிடித்த முள்

மின்கட்டுப்பாட்டு அறையில் அவளை ஐம்பதக்கா என்பார்கள். மின்சாரம் மிஞ்சி, அதிர்வெண் காட்டும் முள் ஐம்பதைத் தாண்டினால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. அன்று விடுமுறை, ஆலைகள் மூடிக் கிடந்தன, மத்தியான வெயிலோ கொளுத்தியது. பேட்டரிகள் வயிறு முட்டக் குடித்தும் முள் ஏறியது. சூரியப் பண்ணைகளை நிறுத்த மனசு வராமல், குடிநீர் மோட்டார்களை ஓடவிடச் சொன்னாள். அதே வேகத்தில் வீட்டுக்கும் போன் போட்டாள்.

"என்னங்க, வாஷிங் மெஷின், இஸ்திரிப்பெட்டி எல்லாத்தையும் போடுங்க!"

"நேத்து போட்டதுக்கு அந்தக் கத்து கத்தினியே?"

"அது சாயங்காலம், ஊரே விளக்கு போடுற நேரம்! இப்ப போடுங்க!"

முள் இறங்கி ஐம்பதில் உட்கார்ந்தது. மோட்டார்களின் வேலைதான் என்று தெரிந்தும், "உங்களாலதாங்க முள்ளு இறங்கிச்சு!" என்று கணவரிடம் சொல்லிவைத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு திரும்பினால், ஜன்னல்களில் திரையே இல்லை. துணியெல்லாம் தீர்ந்து, அவர் திரைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, முள்ளை இன்னும் நான் ஏற விடலை!" என்றார் பெருமையாக.