மிஸ்ஸியின் காருக்குப் புதுச் சட்டம்

கொன்ஸ்ரன்ரைன் துறைமுகத்தில் பதினான்கு வருஷம் கப்பல் தகடுகளை உருக்கி ஒட்டும் வேலை பார்த்தவர். போர் முடிந்து வேலை குறைந்ததும் அவரையும் நிறுத்திவிட்டார்கள். 1946இல் கொட்டாஞ்சேனையில் ஒரு தகரக் கொட்டிலை வாடகைக்கு எடுத்து, உடைந்த இரும்புக் கேற்றும் சைக்கிளும் ஒட்டத் தொடங்கினார். கார் எதிலும் அதுவரை கை வைத்ததில்லை.

முதல் காரைக் கொண்டுவந்தவர் மரியகொறற்றி மிஸ்ஸி. வெள்ளவத்தையில் கடலோரமாகக் குடியிருந்த மருத்துவிச்சி. பாமன்கடையிலிருந்து கல்கிசை வரை பிரசவம் பார்க்கத் தானே கார் ஓட்டிப் போவார். பதினெட்டு வருஷப் பழைய இங்கிலாந்துக் கார் அது.

கொன்ஸ்ரன்ரைன் அடியில் படுத்துப் பார்த்தார். காரின் உடலைத் தாங்கும் இரண்டு நீள இரும்புச் சட்டங்களையும் உப்புக்காற்று தின்றிருந்தது. சாரதி ஆசனத்துக்குக் கீழே திருப்புளியை வைத்து அழுத்தினார். துருவேறிய கறளை உடைத்துக்கொண்டு கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"ரெண்டு கராஜிலயும் தூக்கி எறியச் சொல்லிட்டாங்க," என்றார் மிஸ்ஸி. "நீங்களும் அதைத்தான் சொல்லப் போறீங்களா?"

"இல்லை மிஸ்ஸி. செய்யலாம். ஆனா ரெண்டு கிழமை, பதினாலு நாள் வேணும். அதுவரைக்கும் ஓடாதீங்கோ, நடுவில முறிஞ்சிரும்."

"புதுக் காருக்குப் பேர் குடுத்து ஒரு வருஷமாகுது, இன்னும் வரேல்லை. இது இல்லாட்டி ரிக்‌ஷாவிலதான் பிரசவத்துக்குப் போகோணும். பார்த்துச் செய்யுங்கோ."

துறைமுகத்து நண்பர்கள் நால்வர் வந்து காரின் உடலைத் தூக்கி இறக்கிக் கொடுத்தார்கள். வெறும் சட்டம் மரக்கட்டைகளின் மேல் கிடந்தது. வெட்டுவதற்கு முன் கொன்ஸ்ரன்ரைன் ஒரு பருத்திக் கயிற்றை மூலைக்கு மூலை இழுத்து, நீளத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டார். மற்ற இரண்டு மூலைகளுக்குக் குறுக்கே இழுத்தபோதும் அதே முடிச்சுக்குச் சரியாக வந்தது. வேலை முடிந்தபின்னும் அப்படியே வரவேண்டும். சட்டம் கோணினால் கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

இற்ற பகுதிகளை வெட்டி எறிந்து, உடைத்த படகொன்றின் தகட்டை வளைத்துப் பொருத்தினார். சூடு ஏறினால் இரும்பு இழுத்துக் கோணும் என்று அவருக்குத் தெரியும். ஓர் அங்குலம் ஒட்டுவார், ஆறவிடுவார், மற்றப் பக்கம் போவார். ஒன்பது நாள் அப்படியே போனது.

கடைசி நாள் பகல் பெருமழை. மறுநாள் காலை ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்து அளந்தார். முடிச்சு அரை அங்குலம் எட்டவில்லை.

தேத்தண்ணீர் கொண்டுவந்த மனைவி ஐறீன், அவர் தரையில் குந்தியிருப்பதைக் கண்டாள்.

"முடிஞ்சுது ஐறீன். சட்டம் இழுத்துப் போட்டுது. மிஸ்ஸிக்கு என்ன சொல்லுவன்?"

"மற்ற மூலையைப் பார்த்தீங்களா?"

"அதை என்னத்துக்கு?"

"ஒருக்காப் பாருங்கோவன்."

பார்த்தார். அங்கேயும் அதே அரை அங்குலம். அவருக்குக் குழப்பமாகிவிட்டது. கோணினால் ஒரு பக்கம் நீள, மற்றது குறுக வேண்டுமே!

வீட்டில் தையல் தைத்துக் கொடுக்கும் ஐறீன் கயிற்றை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "இது நனைஞ்செல்லோ கிடக்குது! கூரை ஒழுகியிருக்கு. பருத்தி நனைஞ்சாச் சுருங்கும். நனைக்காத துணியில சட்டை தைச்சுக் குடுத்து நான் எத்தினை பேரிட்ட ஏச்சு வாங்கினனான்!"

கொன்ஸ்ரன்ரைன் பக்கத்து இரும்புக் கடைக்கு ஓடினார். கடைக்கார அலவியே இரும்பு அளவுநாடாவோடு வந்து மறுமுனையைப் பிடித்தார். குறுக்கே இரண்டும் மயிரிழை பிசகவில்லை. நீர்மட்டம் வைத்தும் பார்த்தார்கள். ஒரு மூலையும் தூக்கி நிற்கவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் அலவி. கொன்ஸ்ரன்ரைன் சட்டத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார், கண்ணும் நிறைந்துவிட்டது.

நான்கு நாளில் உடலைத் திரும்ப ஏற்றிக் காரைப் பூட்டி முடித்தார். மிஸ்ஸி பக்கத்தில் அவரை இருத்திக்கொண்டு கொச்சிக்கடை வரை ஓட்டினார். நேரான தெருவில் ஒரு கணம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். கார் நேரே போனது.

"இனிப் பயமில்லாமல் ஓடலாமா?"

"ஓம் மிஸ்ஸி. சட்டத்துக்கு நான் பொறுப்பு."

அடுத்த மாதமே மிஸ்ஸி சொல்லி, வெள்ளவத்தைக் கடலோரத்திலிருந்து இன்னும் இரண்டு கார்கள் வந்தன. முதல் வேலையாகக் கொன்ஸ்ரன்ரைன் சொந்தமாக ஓர் இரும்பு அளவுநாடா வாங்கினார்.