பக்கத்தில் வந்த ஆஸ்பத்திரி

எங்கள் ஊருக்கு ஹெல்த் சென்டர் வேண்டும் என்று மனு எழுதியவன் நான். சளி, காய்ச்சலுக்கெல்லாம் திருப்பதிக்கு ஓட வேண்டுமா, வைத்தியம் நம் வாசலுக்கு வரட்டும் என்று மேடையில் முழங்கியவனும் நான்தான். வந்தது. ஒரு அறை, ஒரு நர்ஸம்மா, எடை பார்க்கும் மிஷின். ஊரே எடை பார்த்து மகிழ்ந்தது.

ஒரு மத்தியானம் வேர்க்கடலைக் கொல்லையில் என் மனைவியைக் கண்ணாடிவிரியன் கடித்தது. அவள் காலைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். நான் கத்தினேன். கத்திய கத்தலில், ஓடிவந்தவர்கள் என்னைத்தான் தூக்கினார்கள்.

“அவர எறக்கி உடுங்க,” என்றாள். “கடிச்சது என்னை.”

வண்டி ஓட்டத் தெரிந்த பையன்களெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போய்விட்ட காலம். இருந்தது ஒரே ஆட்டோ.

“திருப்பதிக்காண்ணே, நம்ம சென்டருக்கா?”

முன்பென்றால் இந்தக் கேள்வியே இல்லை. பக்கத்தில் இருக்கிறதே என்று சென்டரைச் சொன்னேன்.

நர்ஸம்மா கால் அசையாதபடி மட்டை வைத்துக் கட்டினாள். விஷத்தை இறக்க நான் பிளேடோடு குனிந்ததும் கையைத் தட்டிவிட்டாள். “கங்காரு படாதண்ணா, பதறாத, கீறாத. இங்க மருந்து இல்ல. மண்டல ஆஸ்பத்திரிக்குப் போ.”

மண்டல ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தது. டாக்டர் மீட்டிங்குக்குச் சித்தூர் போயிருந்தார். “அவர் இல்லாம ஏத்தி, ஒடம்பு தாங்கலன்னா யாரு பொறுப்பு?” என்றார் அங்கிருந்த நர்ஸ். நியாயம்தான்.

மறுபடி ஆட்டோ. திருப்பதி இன்னும் தூரம்.

“பல்லுல ரத்தம் வர்துய்யா.”

“ஒன்னக் கடிச்ச பாம்பு எந்த ஆஸ்பத்திரில கெடக்குதோ,” என்றேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

“சிரிப்பு வர்ல. கைய உடு, வலிக்குது.”

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அவள் ரத்தத்தைக் கண்ணாடி டியூபில் எடுத்து அசையாமல் வைத்தார். உறைந்தால் பயமில்லையாம்.

“ஏன் இவ்ளோ லேட்டு?”

“பக்கத்துல ஆஸ்பத்திரி இருந்துதுங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு டியூபைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீராக ஓடியது. மருந்து ஏற்றினார்கள்.

வராண்டாவில் நின்று யாரைத் திட்டுவது என்று தேடினேன். நேரே வந்திருந்தால் நேரம் மிச்சம். ஆனால் அந்த நர்ஸம்மா தடுத்திருக்காவிட்டால் நானே காலைக் கீறி, உறையாத ரத்தத்தை வழியெல்லாம் வடிய விட்டிருப்பேன். திட்ட ஆள் கிடைக்காத அழுகை ரொம்ப மோசம்.

அடுத்த டியூபும் ஓடியது. அதற்கடுத்தது சாய்த்தும் அசையவில்லை. உள்ளே ஓடி அவளிடம் சொன்னேன்.

“செரி. கொல்லைக்குத் தண்ணி கட்ட யாரயாவது அனுப்பு,” என்றாள். “நீ போவாத. பாம்பப் பாத்தாலே செத்துருவ.”