தம்பியின் படம் வராத பக்கம்

நேற்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் செய்த வலைப்பக்கத்தில், படத்துக்குப் பதிலாக வெறும் கட்டம் வந்தது. எனக்கு என் முதல் வலைப்பக்கம் நினைவுக்கு வந்தது.

ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூருக்கு பஸ்ஸில் போய், வலைப்பக்கம் எழுதும் எச்.டி.எம்.எல். படித்தேன். அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா சவுதியில் வேலையில் இருந்தார். பிறந்து நாற்பது நாளான தம்பியை அவர் பார்த்ததில்லை. மஞ்சள்காமாலை கண்டு அவன் அப்போதுதான் தேறியிருந்தான். அவன் படத்தை வைத்து நானே ஒரு பக்கம் எழுதி, அத்தா பார்க்க இணையத்தில் ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை அத்தா போன் செய்தார். "அவன் பேரு வருது, படத்தக் காணோமே. புள்ளைக்கு என்னாச்சு? மறைக்காம சொல்லுங்க."

வகுப்புக் கணினியில் படம் இருந்த இடத்தைத்தான் பக்கத்தில் எழுதியிருந்தேன். படத்தை இணையத்தில் ஏற்றவே இல்லை; அதனால் அந்தக் கணினியில் மட்டும் தெரிந்திருக்கிறது. "நான்தான் தப்பா எழுதிட்டேன் அத்தா" என்றேன். அவர் நம்பவில்லை. "அம்மாகிட்ட குடு" என்றார்.

அம்மா ரிசீவரை வாங்கினார். தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் பாதத்தில் நறுக்கென்று கிள்ளி, ரிசீவரை அவன் வாயருகே பிடித்தார். அவன் வீடே அதிரக் கத்தினான்.

நான் ரிசீவரைக் காதில் வைத்தேன். மூக்கை உறிஞ்சியபடி அத்தா சொன்னார்: "போதும்மா. அழ வைக்காதீங்க என் புள்ளைய."