பற்பசையில் நின்ற கொக்கி

அலமாரி, கட்டில் பாகங்களை வீட்டுக்கே வந்து பூட்டித் தருகிற அவனுக்கு வௌவால் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல. கொக்கி தாங்குமா என்று சந்தேகப்பட்ட ஒரு வீட்டுக்காரிக்காக, அதில் காலை மாட்டித் தலைகீழாகத் தொங்கி, தொங்கியபடியே ஒரு டம்ளர் காப்பியும் குடித்துக் காட்டினானாம். காப்பிக்கு நான் பொறுப்பில்லை. தொங்கியது நிஜம்.

பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. பார்வைக்கு மரம், திருகு இறங்கினால் பிஸ்கட் தூள். அதனால் அவன் பலகையை முழுதாகத் துளைத்து, இந்தப் பக்கம் போல்ட்டை விட்டு, அந்தப் பக்கம் அகலமான வாஷரும் நட்டும் போட்டு இறுக்குவான். தான் மாட்டிய கொக்கி ஒன்றுகூட விழுந்ததில்லை என்ற கர்வம் முதலில் படியேறும். அவன் அதன் பின்னால் வருவான்.

அன்று கணக்கு டீச்சர் வீடு. ஓய்வு பெற்றவர், முட்டியில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம், தனியாக இருக்கிறார். கட்டிலை ஒட்டிய அலமாரியின் பக்கவாட்டில் ஒரு கொக்கி கேட்டார். பையில் போல்ட் தீர்ந்திருந்தது. அடுத்த வேலைக்குக் காத்திருந்த வீட்டுக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். திருகே போதும் என்று மெஷினை அழுத்தினான். ஒரு சுற்று கூடிப்போய், துளைக்குள் எல்லாம் தூளாகி, திருகு சும்மா சுற்றியது.

குளியலறையில் பற்பசை இருந்தது. வெள்ளைப் பலகை, வெள்ளைப் பசை. துளை நிறையப் பிதுக்கி, திருகைச் செருகி, கைக்குட்டையால் துடைத்தான்.

“முடிஞ்சுது டீச்சர்.”

“பலமா இருக்குல்ல தம்பி? துண்டு மாட்ட இல்ல. இனிமே இதப் புடிச்சுத்தான் எந்திரிக்கணும்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். “தாராளமா புடிங்க. உங்கள மாதிரி நாலு பேரத் தாங்கும்” என்றது பாழாய்ப்போன வாய்.

“அப்ப ஒரு தூக்கம் போட்டுட்டு, நாலு மணிக்குப் புடிச்சுப் பாக்கறேன்.”

அடுத்த வீட்டில் கட்டிலின் தலைப்பலகையைக் கால்பக்கம் பூட்டினான். “அண்ணே, இதுல தலைய எங்க வைக்கறது?” என்றார் வீட்டுக்காரர். சுவரில் மணி மூன்று ஐம்பது. பையைப் போட்டுவிட்டு ஓடினான். வழியில் ஒரு செருப்பு கழன்றது, அவன் நிற்கவில்லை. கழன்ற செருப்பும் கொஞ்ச தூரம் கூடவே ஓடியதாகக் கேள்வி.

டீச்சர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

“தொடாதீங்க டீச்சர்!”

“ஏன், ஷாக் அடிக்குமா?”

“உள்ள... பேஸ்ட்டு வெச்சிருக்கேன்.”

“என்ன பேஸ்ட்டு?”

“பல் தேய்க்கறது. உங்களோடதுதான்.”

டீச்சர் இரண்டு விரலால் இழுத்தார். கொக்கி திருகோடு கையில் வந்தது. அறையெல்லாம் புதினா வாசனை. கொக்கியைப் பார்த்தார், தன் முட்டியைப் பார்த்தார், கடைசியாக அவனைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

“சரி, எந்திரிக்கணும். கையக் குடு.” நீட்டிய கையைப் பிடிக்குமுன் ஒரு கணம் நிறுத்தினார். “இதாவது தாங்குமா?”

அவனுக்குக் காது வரை சூடேறியது. தூக்கி நிறுத்தினான்.

“எனக்கு மட்டுந்தான் இப்பிடியா, வேற வீட்லயுமா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வரவில்லை. “இன்னும் ஒரு வீட்ல. போன மாசம். கொழந்தைங்க ரூம்ல.”

“போனப் போடு. என் முன்னாடியே பேசு.”

போட்டான். எடுத்த குழந்தைகளின் அம்மா அவனைப் பேசவே விடவில்லை. “அண்ணே, நூறு ஆயுசு உங்களுக்கு! பக்கத்து வீட்ல கொக்கி மாட்டணுமாம். கண்ண மூடிட்டு வௌவால் அண்ணனக் கூப்பிடுங்கன்னு இப்பத்தான் சொன்னேன்.”

டீச்சருக்கு எல்லாம் கேட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பக்கத்து வீடு இருக்கட்டும் தங்கச்சி” என்றான். “மொதல்ல கொழந்தைங்க பைய அந்தக் கொக்கியிலேருந்து எறக்கி வை. நான் மாட்டினது சரியில்ல. தெரிஞ்சேதான் அப்பிடி மாட்டினேன்.”