உறுமல் நின்ற பெட்டி

சமையலறை டியூப்லைட்டின் சோக் இன்று கருகியபோது எழுந்த தார் வாசனையில், அரியலூர் சிமெண்ட் ஆலைக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த, பிறகு இடிக்கப்பட்ட பழைய சாமான் கொட்டகை கண்முன் வந்தது. அங்கே சுண்ணாம்புத் தூசி படிந்து கிடந்த விளக்குகளிலிருந்து நான் சோக் கழற்றி வருவேன், விரலெல்லாம் பிசுபிசுக்கும். அண்ணன் செய்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஓயாமல் உறுமியது. கரண்ட் வரும் வழியில் ஒரு சோக்கைச் சேர்க்கச் சொன்னவள் நான்தான், உறுமல் நின்றது.

அந்தப் பெட்டியை வைத்த குடியிருப்புப் பொங்கல் விழா மேடையில் யாரோ, "இத யாருப்பா செஞ்சது?" என்றார்.

"நான் ஒருத்தன்தாங்க. தங்கச்சி சும்மா குப்ப பொறுக்கிட்டு வருவா," என்றான் அண்ணன், மைக்கிலேயே.

துளி உறுமல் இல்லாமல், கடைசி வீடு வரைக்கும் அது தெளிவாகக் கேட்டது.