ராணியை மட்டும் எடுத்த காலை

தேன்கனிக்கோட்டை தாண்டிய ராகிக் கொல்லையில் விடிந்துகொண்டிருக்கிறது. காட்டுப்பன்றி வேட்டைக்குக் கம்பெனிச் சீருடைச் சட்டையோடு வந்திருக்கும் மாதேஷ், வேட்டையைப் படமெடுக்க வந்த என் கேமராவைப் பார்த்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார்.

"நாயை எவ்ளோ வேணா எடுங்க சார். என் மூஞ்சி வேணாம், கேஸ் ஆயிடும்."

அவருடைய நாய் ராணி மோப்பம் பிடித்தபடி முன்னால் ஓடுகிறது. நான் படமெடுத்துக்கொண்டே பின்னால் போகிறேன். வரப்போரம் கிடந்த எதையோ அது கவ்வுகிறது. வெடிக்கிறது.

பன்றிக்காகத் தீனிக்குள் வைத்த நாட்டுவெடி. ராணிக்குக் கீழ்த்தாடை இல்லை. எங்களைப் பார்த்து வாலை ஆட்டுகிறது.

"எவன் வச்சது இதை?" என்று கத்துகிறேன்.

"நான்தான் சார். நேத்து வச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

முகத்துத் துண்டை அவிழ்த்து ராணியின் வாயைச் சுற்றிக் கட்டுகிறார்.

"இப்ப எடுங்க சார். என் மூஞ்சியும் தெரியட்டும்."