கருப்பையா மறக்க மறுத்த ஒன்பது பாட்டுகள்

காலைப் பதிகத்தின் கடைசி அடியைப் பாடி முடிக்கவில்லை, தொலைபேசி அடித்தது. ஓமானின் தெற்கே, சலாலா வேலைத்தளத்துப் போர்மன் செல்வம் பேசினார்.

“அண்ணே, கருப்பையா அண்ணன் போயிட்டாருண்ணே. டிப்பர் ரிவர்ஸ்ல வந்திருக்கு. ஹாரன் அடிச்சான். நாங்க அத்தன பேரும் கத்துனோம். மனுசன் திரும்பிக்கூடப் பாக்கல.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “சாகணும்னே நின்னாருன்னு கேம்ப்ல பேசிக்கிறாங்க.”

சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் கருப்பையாவின் மனைவி பாண்டியம்மாளின் செவிக்கும் அந்தப் பேச்சு அன்று மாலைக்குள் எட்டிவிட்டது. அது பொய். பொய்யென்று அறிந்தவன் நான் ஒருவனே. கருப்பையாவுக்குச் செய்து கொடுத்த சத்தியம் ஒன்றை உடைத்தே இந்த அஞ்சலியை எழுதுகிறேன்.

மஸ்கட்டில் எங்கள் கம்பெனிக்கு இருந்த கேம்பில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். நான் யாழ்ப்பாணத்தவன், பண்டகசாலைக் கணக்கன். அவர் பாறையுடைக்கும் பிரேக்கர் இயந்திரம் பிடிப்பவர். எனக்கு மேற்கட்டில் அவருடையது. வந்த மூன்றாம் ஆண்டில் விடுப்பெடுத்து ஊர் சென்று, திருமணம் முடித்துத் திரும்பினார். திரும்பியவரின் வாயில் அந்த ஆண்டின் திரைப்பாட்டுகள் ஒன்பது இருந்தன. ஒன்று மழைப் பாட்டு, ஒன்று கேம்ப் சமையற்காரர்களும் கால் தட்டிய கூத்துப் பாட்டு, ஒன்று தாலாட்டு. மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் அவை ஒலிக்காத தேநீர்க்கடை அன்று இல்லை. பதிகம் பாடும் என் வாய்க்கு அவை தீட்டு என்றே எண்ணியிருந்தேன்.

“ஏன் காணும், ஒரு சாமிப் பாட்டும் உமக்கு வராதோ?” என்று ஒருநாள் கடிந்தேன்.

“சாமிக்கு நீங்க இருக்கீங்கல்லண்ணே. இதுக்கு யாரு இருக்கா?” என்றார்.

ஆண்டுகள் போயின. புதிய பாட்டுகள் வந்தன, மறைந்தன. அவரோ அந்த ஒன்பதையே பாடினார். “அண்ணே, பஸ்ஸு போயி நாலு வருசமாச்சு, இன்னும் ஸ்டாப்லயே நிக்கிறீங்களே” என்று அறைத்தோழர்கள் கேலி செய்வார்கள். பேசுபவரின் வாயையே பார்த்துக்கொண்டு அவரும் சிரிப்பார்.

பண்ணிசையில் பழகிய என் செவி மட்டும் ஒன்றைக் கவனித்தது. அவருடைய சுருதி ஆண்டுக்கு ஆண்டு விலகிக்கொண்டே வந்தது. பிறகொரு நாள் கம்பெனிப் பேருந்தில் புதுப்பாட்டொன்று மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. அவருடைய விரல்கள் முன்னிருக்கைக் கம்பியில் நான்கெண்ணிக்கையில் தட்டின. பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தேன். இரண்டாம் முறை உரக்க அழைத்தேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது, அவர் திரும்பவில்லை.

அன்று பண்டகசாலைக்குப் பின்புறம் அழைத்துச் சென்று, முகத்துக்கு நேரே கேட்டேன். தம் காதைத் தொட்டுக் காட்டினார்.

“பிரேக்கர் தின்னுருச்சுண்ணே. கல்யாணம் முடிச்சு வந்த வருசமே கொறய ஆரம்பிச்சிருச்சு. இப்ப ஒண்ணுமில்ல. வாயப் பாத்துத்தான் ஓட்டுறேன். தெரிஞ்சா கலாஸ், வேல முடிஞ்சுதுன்னு ஊருக்கு அனுப்பிருவாங்க. யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு உங்க சாமி மேல சத்தியம் பண்ணுங்கண்ணே.”

“அப்ப அந்தப் பாட்டுகள்?”

“தெனம் பாடலன்னா மறந்துரும். கல்யாணம் முடிஞ்சு ஊருக்குப் போன பஸ்ஸுல அந்த ஒம்போதுதான் திருப்பித் திருப்பி ஓடுச்சு. அவளும் கூடவே முணுமுணுத்துக்கிட்டு வந்தா. பாட்டு போச்சுன்னா அவ கொரலும் போயிரும்ணே.”

சத்தியம் செய்தேன். அதன்பின் தளத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் நாள்களில் அவர் அருகிலேயே நிற்பேன். வண்டி பின்னோக்கி வந்தால் அவர் தோளில் இருமுறை தட்டுவேன், விலகிவிடுவார். வீட்டுக்குத் தாம் பாடிய குரற்பதிவுகளை அனுப்புவார். மனைவியிடம் மட்டும், “இங்க ஒரே சத்தம், நீ எழுதி அனுப்பு” என்று சொல்லி வைத்திருந்தார்.

எட்டு மாதங்களுக்கு முன் அவரைச் சலாலாவுக்கு மாற்றினார்கள். மூப்பினால் என்னை ரூவி அலுவலகத்தில் இருத்தினார்கள். அவர் போய்ச் சேருமுன் செல்வம் என்னை அழைத்து, “ஆளு எப்படிண்ணே?” என்று விசாரித்தார். “நல்ல வேலைக்காரர்” என்றேன். அதற்குமேல் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். வாய்மை எதுவென்று நீதிப்பாக்களை இளமையிலேயே மனனம் செய்தவன் நான். கொடுத்த வாக்கைக் காத்தேன். ஓர் உயிரைக் கைவிட்டேன். இறைவன் திருமுன் இதற்கு நான் விடை சொல்ல வேண்டிய நாள் வரும்.

பாண்டியம்மாளைத் தொலைபேசியில் அழைத்து அனைத்தையும் சொன்னேன்.

“லீவுல வந்தா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பாரு ஐயா. அடுப்படியிலருந்து கூப்பிட்டா மட்டும் வரமாட்டாரு. வீம்புன்னு ஏசிருக்கேன். அங்க போனா போன்ல பேசவே மாட்டாரு. எங் கொரலு பிடிக்கலையாக்கும்னு இத்தன வருசமா நெனச்சுட்டேன்.”

“உங்கட குரலை மறக்கக்கூடாதெண்டுதான் பிள்ளை, அந்தப் பாட்டுகளை விடாமப் பாடினவர்.”

“அப்ப அவரா நிக்கல.”

“இல்லைப் பிள்ளை. அவருக்குக் கேக்கேல்லை.”

அதன்பின்தான் அந்த அம்மையார் அழுதார்.

செல்வத்திடமும் உண்மையைச் சொல்லிவிட்டுச் சலாலா சென்றேன். சவச்சாலையில் பெட்டியை மூடுமுன் சற்று நேரம் கேட்டு வாங்கினேன். முதலில் பதிகம் பாடினேன். பிறகு, தீட்டென்று நான் ஒதுக்கிய அந்த ஒன்பதில் மழைப் பாட்டைப் பாடினேன். அவர் திருமணம் முடித்து வந்த ஆண்டில் எந்தச் சுருதியில் பாடினாரோ, அந்தச் சுருதியிலேயே பாடினேன். ஊழியர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

குனிந்து, அவர் தோளில் இருமுறை தட்டினேன்.

எட்டு மாதம் பிந்திவிட்டேன், கருப்பையா. பொறுத்துக்கொண்டு போய்வாரும்.